குண்டளை என்னும் கணினி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறை என்னும் ஊர் உள்ளது. பனைகள் நிறைந்த வறண்ட ஊர். கடைத்தெருவில் மலையாளமும் தமிழும் ஒரே மூச்சில் கலந்து ஒலிக்கும். அங்கிருந்து இடுக்கி மாவட்டத்து மூணாறுக்குச் செல்பவர்களுள் பலர் எல்லையைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழைவர். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சென்று, சின்னாறில் மீண்டும் கேரளத்துக்குள் வருவர். ஒரே மாநிலத்தின் இரண்டு ஊர்களுக்கிடையே செல்ல வேறொரு மாநிலத்தைக் கடக்க வேண்டியிருப்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கோ அது விடுமுறைதோறும் செல்லும் வழி.

2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவ்வழியாகத்தான் ஒரு பழைய மடிக்கணினி துணிப்பையில் சுற்றப்பட்டு மூணாறிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வந்தது. அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லவிருந்த ஒரு சிறுமி. அவளுடைய அப்பத்தா மறைந்து ஓராண்டு நிறைந்திருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் அப்பத்தா வாழ்ந்த வீட்டில் திதி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, அலமாரியின் அடித்தட்டில் கிடந்த அக்கணினியை அவள் கேட்டு வாங்கி வந்தாள்.

அக்கணினி அவளுடைய அத்தைக்கு உரியது. கல்லூரியில் படித்த காலத்தில் அத்தை தம் தாயின் பேச்சை அதில் பதிவு செய்திருந்தார். பதினொரு பதிவுகள். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி வந்த முன்னோரின் கதை, கங்காணிகளின் கதை, 1924ஆம் ஆண்டு வெள்ளத்தின் கதை ஆகியன அவற்றுள் இருந்தன. அப்பத்தாவின் குரல் வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை. கணினியோ ஈராண்டுகளாக இயங்கவில்லை. பொத்தானை அழுத்தினால் நீலத்திரை தோன்றும். சற்று நேரத்தில் அதுவும் அணைந்துவிடும். பழுது பார்க்கும் கடை ஒன்றில், “இதை முழுவதும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும், இவ்வளவு பழைய கணினிக்கு அந்தச் செலவு வீண்” என்று கூறிவிட்டார்கள். அழித்துவிட்டால் பதிவுகளும் போய்விடும் என்று அஞ்சிய அத்தை அதை அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

“அத்தை, இதற்குள் அப்பத்தாவின் பேச்சு இன்னும் இருக்குமா?” என்று கேட்டாள் சிறுமி.

“இருக்கும் கண்ணு. பூட்டுத்தான் கெட்டிருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.”

அத்தை சொன்ன பூட்டு என்பது இயங்குதளம். கணினியின் திரை, விசைப்பலகை, நினைவகம், வன்வட்டு ஆகிய உறுப்புகளை ஒருங்கிணைத்து, மற்ற மென்பொருள்கள் வேலை செய்ய வழி வகுப்பது அதுவே. இயங்குதளம் பழுதானால் கணினி எழுந்து நிற்காது. எனினும் வன்வட்டில் உள்ள கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வேறோர் இயங்குதளத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து கணினியை எழுப்பினால் அவற்றைப் படி எடுத்துவிடலாம். இந்த எளிய உண்மை தெரியாமல் எத்தனையோ வீடுகளில் திருமணப் படங்களும் மழலைக் குரல்களும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

அத்தை கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஓர் அக்ஷயா மையத்தில் பணிபுரிபவர். கணினி அவருக்குப் புதிதன்று. மூணாற்றுப் பகுதியில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் பயின்றபோதே அவர் கட்டற்ற மென்பொருளைக் கையாளக் கற்றிருந்தார். கேரள அரசு 2001ஆம் ஆண்டு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அரசுப் பள்ளிக் கணினி அறைகளில் லினக்ஸ் இயங்குதளம் பரவலாயிற்று. விலை கொடுத்து வாங்கும் இயங்குதளத்தைக் கண்டறியாமலே பள்ளிப்படிப்பை முடித்த மாணவர்கள் அங்கு ஏராளம். அத்திட்டமே 2017இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் தோன்றின. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் நகரத்து வணிகரின் மகனுக்கும் ஒரே இயங்குதளம் கிடைத்தது என்பது சிறிய செய்தியன்று.

லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றுள் டெபியன் என்பதை அத்தை தேர்ந்தெடுத்தார். அதன் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்ற இயன் மர்டாக் என்னும் இருபது வயது மாணவர் 1993 ஆகஸ்ட் 16 அன்று அத்திட்டத்தை அறிவித்தார். தம் காதலியாகிய டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து ‘டெபியன்’ என்று பெயர் சூட்டினார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 1991இல், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டிருந்தார். அதற்கும் முன்பே, 1983இல், ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்து, மென்பொருளைப் பயன்படுத்தவும், ஆராயவும், பகிரவும், மாற்றியமைக்கவும் எவருக்கும் உரிமை வேண்டும் என்று வாதிட்டார். ‘ஃப்ரீ’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு விலையின்மை, விடுதலை என இரு பொருள் இருப்பதால் அவர் தம் கருத்தை விளக்கப் பெரிதும் பாடுபட வேண்டியிருந்தது. தமிழுக்கு அத்தொல்லை இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்பது தமிழ்க் குழந்தைக்கும் விளங்கும்.

டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் ‘டாய் ஸ்டோரி’ திரைப்படங்களில் வரும் பாத்திரங்களின் பெயரைச் சூட்டுவது மரபு. அத்தை எடுத்துக்கொண்டது பன்னிரண்டாம் பதிப்பு. 2023 ஜூனில் வெளிவந்தது. பெயர் ‘புக்வோர்ம்’, அதாவது புத்தகப் புழு. இன்னும் சோதனையில் இருக்கும், எப்போது உடையும் என்று சொல்ல முடியாத வடிவத்துக்கு மட்டும், அப்படத்தில் பொம்மைகளை உடைத்து விளையாடும் சிறுவன் சித்தின் பெயர் நிலையாக இடப்பட்டுள்ளது. இதைக் கேட்டுச் சிறுமி நெடுநேரம் சிரித்தாள்.

முதல் வேலை பதிவுகளை மீட்பது. வன்வட்டில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கக்கூடிய டெபியன் வடிவம் ஒன்று உண்டு. அத்தை அதைத் தம் பணியிடத்தில் அனுமதி பெற்றுப் பதிவிறக்கினார். பதிவிறக்கிய கோப்பு பழுதின்றி வந்திருக்கிறதா என்று காண ஒரு சோதனை செய்ய வேண்டும். கோப்பு முழுவதையும் கணக்கிட்டு 64 குறிகள் கொண்ட ஒரு முத்திரையைக் கணினி உருவாக்கும். டெபியன் திட்டத்தார் வெளியிட்டிருக்கும் முத்திரையோடு அது ஒத்திருக்க வேண்டும். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை முற்றிலும் மாறிவிடும். முதல் முறை ஒத்துவரவில்லை. இணைப்பு இடையில் அறுந்திருந்தது. இரண்டாம் முறை ஒத்துவந்தது.

மாலையில் வீட்டுக் கூடத்தில் பென் டிரைவைச் செருகிக் கணினியை எழுப்பினார்கள். நீலத்திரை வரவில்லை. புதிய முகப்பு ஒன்று தோன்றியது. வன்வட்டைத் திறந்தபோது, ‘அம்மா’ என்னும் பெயரில் ஓர் உறை. அதனுள் பதினொரு கோப்புகள்.

“கேட்டுப் பார்க்கலாமா அத்தை?”

“இப்போது வேண்டாம். முதலில் படி எடுப்போம்.” அத்தை திரையை விட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் சிறுமி வற்புறுத்தவில்லை.

இரண்டு பென் டிரைவ்களில் தனித்தனியே படி எடுத்தார்கள். ஒன்று போதாதா என்று சிறுமி கேட்டாள். “ஒன்று என்பது ஒன்றுமில்லை என்பதற்குச் சமம்” என்றார் அத்தை. பதினொரு கோப்புகளுக்கும் முத்திரை எடுத்து, மூலத்தையும் இரு படிகளையும் சிறுமியே வரி வரியாக ஒப்பிட்டாள். அனைத்தும் ஒத்திருந்தன. ஒரு பென் டிரைவ் பூசை அலமாரிக்கும் மற்றொன்று அத்தையின் கைப்பைக்கும் சென்றன.

மறுநாள் நிறுவும் பணி தொடங்கியது. அக்கணினியில் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் இதைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே குறைந்தபட்ச நிறுவல் என்னும் முறையை அத்தை மேற்கொண்டார். கடையில் வாங்கும் கணினியில் வேண்டியதும் வேண்டாததும் நிறைந்திருக்கும். வேண்டாததை நாம் தேடி நீக்க வேண்டும். குறைந்தபட்ச நிறுவலில் நிலை தலைகீழ். வெற்று வீட்டில் குடிபுகுவது போன்றது அது. பாய் வேண்டுமென்றால் பாய், பானை வேண்டுமென்றால் பானை, கேட்டால்தான் வரும். இதற்கெனச் சிறிய நிறுவல் கோப்பு ஒன்று உண்டு. அதன் அளவு ஏறத்தாழ 600 மெகாபைட்டுக்குச் சற்று மேல். எஞ்சியவற்றை இணையத்திலிருந்து அதுவே பெற்றுக்கொள்ளும்.

அக்கோப்பை மற்றொரு பென் டிரைவில் ஏற்றிக் கணினியைத் தொடங்கியதும் சில தேர்வுகள் திரையில் தோன்றின. முதலாவது வரைகலை நிறுவல். இரண்டாவது எளிய எழுத்துமுறை நிறுவல். ‘குறைந்தபட்சம்’ என்னும் சொல் மனத்தில் இருந்ததால் சிறுமி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். எந்த மொழியில் பேச வேண்டும் என்று நிறுவி கேட்டது. நீண்ட பட்டியலை மேலிருந்து கீழாக இருமுறை உருட்டிப் பார்த்தாள். தமிழ் இல்லை.

பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் மலையாளமும் பேசும் சிறுமிக்கு அது புதிய அனுபவமன்று. ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்க விரலை நீட்டினாள்.

“பொறு. வாசலே தவறு” என்றார் அத்தை. கணினியை மீண்டும் தொடங்கி வரைகலை நிறுவலைத் தேர்ந்தெடுத்தார். அதே பட்டியல், சற்று நீண்டு வந்தது. அதில் ‘தமிழ்’ இருந்தது. சற்று மேலே மலையாளமும் இருந்தது.

ஒரே நிறுவி ஒரு வாசலில் தமிழை மறைத்து மறு வாசலில் காட்டுவது ஏன்? எழுத்துமுறைத் திரை சிறு கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு குறியையும் ஒவ்வொரு கட்டத்தில் வரிசையாக வைப்பதற்கே அதற்குத் தெரியும். ஆங்கில எழுத்துகளுக்கு அது போதும். தமிழில் ‘கொ’ என்று எழுத வேண்டுமானால் ‘க’ என்பதன் முன்னே ஒற்றைக்கொம்பும் பின்னே காலும் வர வேண்டும். கணினியின் உள்ளேயோ ‘க’ 2965 என்னும் எண்ணாகவும், அதைத் தொடரும் ஒகரக் குறி 3018 என்னும் எண்ணாகவும் இருக்கின்றன. இரண்டாவதாக வரும் குறியைப் பிளந்து முதல் எழுத்தின் இருபுறமும் வைக்கும் கலை எழுத்துமுறைத் திரைக்குக் கைவரவில்லை. வரைகலைத் திரைக்கு அது எளிது. நிறுவியின் வரிகளைத் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்க்கச் சரியான வாசலில் நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

அதன்பின் நிறுவி தமிழில் கேட்கச் சிறுமி தமிழில் வாய்விட்டுப் படித்தாள். வேகம் குறைவாகத்தான் இருந்தது. சில கலைச்சொற்களுக்கு அத்தையிடம் பொருள் கேட்டாள். ஒன்றிரண்டுக்கு அத்தைக்கே பொருள் தெரியவில்லை. நாடு இந்தியா. விசைப்பலகையைத் தொடக்கத்தில் ஆங்கிலமாகவே வைத்துக்கொண்டார்கள். இணையத்துக்குக் கைப்பேசியைக் கம்பி வழியே இணைத்தார்கள்.

அடுத்துக் கணினிக்குப் பெயர் கேட்டது. இப்பெயரில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் இணைப்புக்கோடும் மட்டுமே வரலாம். தமிழெழுத்தில் எழுத இயலாதது சிறுமிக்குச் சற்று ஏமாற்றம்தான். எழுத்து ஆங்கிலமானாலும் பெயர் தன் மலைக்குரியதாக இருக்கட்டும் என்று ‘குண்டளை’ என்று எழுதினாள். மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையில் உள்ள பள்ளத்தாக்கு அது. அப்பத்தா கதை சொல்லத் தொடங்கினால் அவ்வூர்ப் பெயர் வராமல் இராது என்று அத்தை கூறியிருந்தார்.

நிர்வாகிக்குரிய கடவுச்சொல்லை வெற்றாக விட்டார்கள். அவ்வாறு விட்டால், பயனரே தேவையானபோது தம் கடவுச்சொல்லைக் கொடுத்து நிர்வாகப் பணிகளைச் செய்யும் வகையில் நிறுவி அமைத்துவிடும். பிறகு வன்வட்டைப் பகிரும் கட்டம் வந்தது. முழு வட்டையும் பயன்படுத்தலாமா, அதிலுள்ளவை அழிந்துவிடுமே என்று எச்சரித்தது. மாற்றங்களை வட்டில் எழுதலாமா என்னும் இறுதிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பதே முன்கூட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. கவனக்குறைவாகத் தட்டுபவர் எதையும் இழந்துவிடக்கூடாது என்று யாரோ எங்கோ எண்ணிச் செய்த ஏற்பாடு. சிறுமி சுட்டியை ‘ஆம்’ என்பதன் மேல் கொண்டுசென்றாள். விரல் அழுத்தவில்லை. எழுந்துபோய்ப் பூசை அலமாரியைத் திறந்து பென் டிரைவ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். பிறகு அழுத்தினாள்.

அடிப்படைத் தொகுதி பாதி ஏறியிருந்தபோது மின்சாரம் நின்றது. கணினியின் மின்கலம் என்றோ செயலிழந்திருந்தது. திரை இருண்டது.

“போய்விட்டதா அத்தை?”

“வட்டில் இருந்தது போய்விட்டது. அப்பத்தா அலமாரியில் இருக்கிறார்” என்றார் அத்தை. இருவரும் திண்ணையில் அமர்ந்து காற்றுக்காகக் காத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து விளக்கு எரிந்தது. அரைகுறையாக நிறுவப்பட்டதைத் தொடர வழியில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இம்முறை சிறுமி எந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்கவில்லை. கடைசியில் எந்தெந்த மென்பொருள் வேண்டும் என்னும் பட்டியல் வந்தது. திரைச்சூழலுக்கு முன்கூட்டியே இடப்பட்டிருந்த குறியை அத்தை நீக்கச் சொன்னார். அடிப்படைப் பயன்பாடுகளுக்கான குறி மட்டும் எஞ்சியது.

கணினி மீண்டும் எழுந்தபோது கருந்திரையில் வெள்ளை எழுத்துகளில் குண்டளை என்னும் பெயரும் அதன் கீழ் மின்னும் ஒரு கோடும் தோன்றின. படம் இல்லை, பட்டி இல்லை, சுட்டி அசைந்தாலும் ஒன்றும் அசையவில்லை. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழைந்ததும் தேதியைக் கேட்கும் கட்டளையைத் தட்டினாள். தமிழில் வர வேண்டிய கிழமைக்கும் மாதத்துக்கும் பதிலாகப் பொருளற்ற கட்டங்கள் வரிசையாக நின்றன.

“தமிழ் உடைந்துவிட்டது!” என்றாள்.

“உடையவில்லை. உள்ளே எண்கள் சரியாகவே இருக்கின்றன. இந்தத் திரைக்கு அவற்றின் வடிவம் தெரியாது. வாசலில் பார்த்தோமே, அதே கதைதான்.”

கருந்திரையை அத்தை விரும்பினார் என்றே சொல்ல வேண்டும். நினைவகத்தில் எவ்வளவு செலவாகிறது என்று கேட்கும் கட்டளையைத் தட்டச் சொன்னார். இருந்த 2 ஜி.பி.யில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. “பார், மூச்சு வாங்காமல் நிற்கிறது” என்றார்.

இனி ஒவ்வொன்றாக அழைக்க வேண்டும். டெபியனில் இதற்கு ‘ஆப்ட்’ என்னும் கட்டளை உண்டு. பெயரைச் சொன்னால் அது டெபியனின் களஞ்சியத்திலிருந்து மென்பொருளைக் கொண்டுவந்து பொருத்திவிடும். பன்னிரண்டாம் பதிப்பின் களஞ்சியத்தில் 60,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. அவற்றுள் எதைக் கேட்பது என்பதில்தான் அறிவு வேண்டும். முதலில் ‘எல்எக்ஸ்க்யூடி’ என்னும் எளிய திரைச்சூழலைக் கேட்டார்கள். பரிந்துரைக்கப்படும் கூடுதல் தொகுப்புகள் வேண்டா என்று அத்தை சேர்த்துத் தட்டினார். அடுத்துத் தமிழ் எழுத்துருவாகிய ‘லோகித்’. வடமொழியில் அச்சொல்லுக்குச் சிவப்பு என்று பொருள். அதை உருவாக்க உதவிய ரெட் ஹேட் நிறுவனத்தின் பெயரிலும் சிவப்பு இருக்கிறது. பின்னர் எழுதுவதற்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டர், கேட்பதற்கு வி.எல்.சி.

விசைப்பலகைக்குத் தமிழ்99. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற முறை அது. இடக்கை விரல்களுக்கு உயிரெழுத்துகள், வலக்கை விரல்களுக்கு மெய்யெழுத்துகள் என்னும் அமைப்பு உடையது. ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஆங்கில ஒலியைக் கொண்டு தமிழைத் தட்டுபவர்களுக்குத் தொடக்கத்தில் இது கடினமாகத் தோன்றும். ஒரு வாரம் பழகியவர்கள் பெரும்பாலும் பழைய முறைக்குத் திரும்ப மாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் திரைச்சூழல் எழுந்தது. கடிகாரத்தைச் சுட்டியபோது கிழமை தமிழில் வந்தது. முந்தைய நாள் கட்டங்களாக நின்ற அதே எழுத்துகள். பூசை அலமாரியிலிருந்து பென் டிரைவை எடுத்து வந்து பதினொரு கோப்புகளையும் கணினியில் இட்டார்கள். அத்தை நாற்காலியை இழுத்து அருகில் அமர்ந்தார். சிறுமி முதல் கோப்பைத் திறந்தாள். நேரம் காட்டும் கோடு நகர்ந்தது. ஓசை வரவில்லை.

ஐந்து நொடி, பத்து நொடி. ஒலியளவை முழுவதும் உயர்த்தினாள். அமைதி. அத்தையின் முகம் வெளிறியது. முத்திரைகள் எல்லாம் ஒத்திருந்தன. ஆனால் முத்திரை ஒத்திருந்தால் படி மூலத்தைப் போன்றது என்றுதான் பொருள். மூலமே ஊமையாகிப் போயிருந்தால்?

“அத்தை, நாம் ஒலிக்கென்று எதையாவது கேட்டு வாங்கினோமா?” என்றாள் சிறுமி.

கேட்கவில்லை. கூடுதல் தொகுப்புகள் வேண்டா என்று அத்தை தட்டியபோது அவற்றோடு ஒலிக்குரிய கருவிகளும் வாசலிலேயே நின்றுவிட்டன. சிக்கனம் எல்லை மீறிவிட்டது என்று அத்தையே ஒப்புக்கொண்டார். ஒலிக்கருவித் தொகுப்பை அழைத்தார்கள். ‘ஆல்சாமிக்சர்’ என்னும் கட்டளையைத் தட்டியதும் திரையில் ஒலிக்கம்பங்கள் வரிசையாக நின்றன. முதன்மைக் கம்பத்தின் அடியில் இரண்டு ‘எம்’ எழுத்துகள் இருந்தன. வாய் அடைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான குறி அது. ‘எம்’ விசையை ஒருமுறை தட்டியதும் அவை வட்டங்களாக மாறின.

ஒரு செருமல் கேட்டது. பின்னர், தேநீர்க் குவளையைக் கீழே வைக்கும் ஓசை.

“என்னடி, இதுலயா பேசணும்? இது என்னத்தக் கேக்கப் போகுது?” என்றது அப்பத்தாவின் குரல்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். சிறுமி நிறுத்தட்டுமா என்று கையால் கேட்டாள். வேண்டாம் என்று அத்தை தலையசைத்தார்.

அப்பத்தாவின் தாய் சிறுமியாக இருந்த காலத்துக் கதை அது. அந்நாளில் மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை சிறிய இரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அதில் ஏறி உச்சிக்குச் செல்லும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். பின்னர் போடிநாயக்கனூருக்குப் போகும். 1924ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழையில் அந்த இரயில்பாதை அழிந்தது. மீண்டும் அமைக்கப்படவே இல்லை. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் கேரளத்தில் அதைத் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்றே இன்றும் வழங்குகிறார்கள். வரலாற்று நூல்களில் இவ்வளவும் உண்டு. அன்றிரவு லயத்தில் இருந்தவர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள், எந்தப் பாறைக்கடியில் ஒதுங்கினார்கள், விடிந்ததும் எவர் பெயரைச் சொல்லி அழைத்தும் மறுமொழி வரவில்லை என்பவை அப்பத்தாவின் குரலில் இருந்தன.

பதிவு முடிந்ததும் சிறுமி ரைட்டரைத் திறந்தாள். பதிவைச் சிறிது ஓடவிடுவதும் நிறுத்துவதும் எழுதுவதுமாகத் தொடங்கினாள். ‘கொழுந்து’ என்னும் சொல்லில் ழகரத்தின் விசையைத் தேடி நெடுநேரம் செலவிட்டாள். அப்பத்தா பேசியவாறே எழுதுவதா, பாடநூல் தமிழுக்கு மாற்றுவதா என்று கேட்டாள். “அப்பத்தா எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுது” என்றார் அத்தை. ஓரிடத்தில் அப்பத்தா ஒரு பாறையின் பெயரைச் சொன்னார். சிறுமிக்கு விளங்கவில்லை. நான்குமுறை கேட்டும் அத்தைக்கும் விளங்கவில்லை. அவ்விடத்தை வெற்றாக விட்டார்கள். அடுத்த விடுமுறையில் மூணாறு சென்று பெரியவர்களிடம் கேட்க வேண்டும்.

இருட்டும்போது ஆறு வரிகள் எழுதியிருந்தாள். கணினியை அணைப்பதற்கு முன் அந்தக் கோப்பையும் இரண்டு பென் டிரைவ்களில் படி எடுத்து, ஒன்றைப் பூசை அலமாரியில் வைத்தாள். மற்றொன்றை அத்தையின் கைப்பையில் இட்டாள்.